தேங்காயைச் சுமக்காத அலை

கடற்கரையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். யாரோ பூஜை முடித்துக் கடலில் விட்ட தேங்காய் ஒன்று, அலைகள் உடையும் இடத்துக்குச் சற்று அப்பால் மிதந்துகொண்டிருக்கும். ஓர் அலை வரும். இதோ, கரையில் கொண்டுவந்து போட்டுவிடும் என்று பார்த்தால், தேங்காய் மேலே ஏறும், கீழே இறங்கும், அலை அதைத் தாண்டிப் போய்விடும். அடுத்த அலையும் அப்படியே. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் தேங்காய் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும்.

அதே கடலில், அதே அலையில், ஒரு பையன் பலகைமேல் நின்றபடி கரைவரை வந்து இறங்குகிறான். மோட்டார் கிடையாது, பாய் கிடையாது, துடுப்பும் கிடையாது. ஒரு கிலோகூடத் தேறாத தேங்காயைச் சுமக்க மறுக்கும் அலை, அறுபது கிலோ ஆளை எப்படிச் சுமக்கிறது?

விடை தேடி நான் போனது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளத்துக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. வயது நாற்பத்தெட்டு. நீச்சல் தெரியும், ஆனால் கிணற்று நீச்சல். அலைச்சறுக்கு என்று செய்தித்தாள்கள் பெயர் வைத்திருக்கும் சர்ஃபிங்கில் அதுதான் முதல் பாடம்.

மணலில் நீச்சல்

முதல் இருபது நிமிடம் தண்ணீரைத் தொடவே விடவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். மீனவர் வீட்டுப் பிள்ளை. அப்பா இன்றும் கடலுக்குப் போகிறவர். விரலால் ஈர மணலில் ஒரு பலகையின் வடிவத்தை வரைந்து, அதன்மேல் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார்.

"கை ரெண்டும் நெஞ்சுக்குப் பக்கத்துல வைங்கண்ணா. நான் 'அப்'னு சொன்னா ஒரே தள்ளு, ஒரே குதி, நின்னுடணும். முட்டி போடக் கூடாது."

ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் முட்டி போட்டேன். ஒரு நாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

எனக்குக் கொடுக்கப்பட்ட பலகை ஒன்பது அடி நீளம். மேலே மெத்தென்ற ஃபோம். பக்கத்தில் தேறியவர்கள் ஆறடிக்கும் குறைவான, கத்தி போன்ற பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். எனக்கு மட்டும் ஏன் இந்தக் கதவு என்று கேட்டேன். "அதுல நீங்க படுத்தா பலகையே தெரியாதுண்ணா" என்றார்.

கணக்கு அவர் பக்கம்தான். என் பலகையின் கொள்ளளவு சுமார் 80 லிட்டர். அதை முழுக்கத் தண்ணீருக்குள் அமுக்கினால் 80 லிட்டர் கடல்நீர் விலக வேண்டும். உப்பு கரைந்திருப்பதால் கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவைவிடக் கொஞ்சம் அதிகம் எடையுள்ளது. 80 லிட்டர் என்றால் 82 கிலோ. விலகிய நீரின் எடை எவ்வளவோ அவ்வளவையும் கடல் தாங்கிக்கொள்ளும் என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்துப் பாடம். நான் 72 கிலோ, பலகை 7 கிலோ. மொத்தம் 79. மூன்று கிலோ மிச்சம். அதாவது நான் மயிரிழையில் மிதக்கிறேன்.

தேறியவர்களின் பலகை 30 லிட்டர்கூட இருக்காது. அதன்மேல் அசையாமல் நின்றால் ஆளும் பலகையும் சேர்ந்து இறங்கிவிடும். ஆனாலும் அவர்கள் அதில் நிற்கிறார்கள். அவர்களைத் தாங்குவது மிதப்பு மட்டும் என்றால் இது நடக்காது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்திருப்பீர்கள். கையிலிருந்து நழுவவிட்டால் மூழ்கும் சில்லு, வேகமாக எறிந்தால் நீர்ப்பரப்பில் தத்தித் தத்திப் போகும். தண்ணீரைச் சாய்வாக அறையும்போது தண்ணீர் திருப்பித் தள்ளுகிறது. வேகம் இருக்கும்வரை அந்தத் தள்ளல் இருக்கும். சர்ஃபிங் பலகையும் வேகம் பிடித்தபின் ஓட்டாஞ்சில்லுதான். ஆக, முதல் தேவை வேகம். அதை யார் கொடுப்பது?

வயலில் ஓடும் அலை

கதிர் பிடித்த நெல்வயலில் காற்று அடிக்கும்போது பாருங்கள். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை ஓர் அலை ஓடும். வயலைக் கடந்தது எது? ஒரு கதிரும் இடம் பெயரவில்லை. ஒவ்வொன்றும் குனிந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான். குனிதல்தான் பயணம் போனது.

கடலிலும் இதேதான். ஆழ்கடலில் அலை கடக்கும்போது தண்ணீர் ஒரு வட்டம் அடிக்கிறது: முகடு வரும்போது மேலேயும் முன்னேயும், பள்ளம் வரும்போது கீழேயும் பின்னேயும். அலை போனபின் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. மிகச் சிறிதளவு முன்னே நகரும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். மேற்பரப்பில் அந்த வட்டத்தின் குறுக்களவு அலையின் உயரத்துக்குச் சமம். கீழே போகப் போக வட்டம் சுருங்கும். அலைநீளத்தில், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரத்தில், பாதி ஆழத்துக்குப் போனால் வட்டமே இல்லை. மேலே கொந்தளித்தாலும் அங்கே மீன்கள் நிம்மதியாக இருக்கும்.

தேங்காய் அந்த வட்டத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அலை தேங்காயைத் தாண்டிப் போகவில்லை. தேங்காய் இருக்கும் தண்ணீரையே தாண்டிப் போகிறது.

ஒன்பது நாள் வழி

அன்று காற்றே இல்லை. கடல் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கியது. ஆறு மணிக்கு வரச் சொன்னதன் காரணமும் அதுதான். இரவு நிலம் குளிர்ந்து, கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். வெயில் ஏறி, கடற்காற்று கிளம்பிவிட்டால் அலையின் முகமெல்லாம் சில்லறைச் சுருக்கங்கள் விழும். புதிதாகக் கற்பவனுக்கு அது ஆகாது.

காற்றில்லாத கடலில் இந்த அலைகள் எங்கிருந்து வருகின்றன? வேறெங்கோ அடித்த காற்றிலிருந்து. காற்று உருவாக்கிய அலை, அந்தக் காற்று ஓய்ந்த பிறகும், அது அடித்த இடத்தைவிட்டு வெளியே வந்த பிறகும் தொடர்ந்து போகும். ஆங்கிலத்தில் ஸ்வெல் என்பதை இந்த அத்தியாயத்தில் தொலைவலை என்று சொல்கிறேன். நம் பக்கத்துக் கடல்களுக்குத் தொலைவலை அனுப்பும் பெரிய தொழிற்சாலை, அண்டார்க்டிகாவுக்கு வடக்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஓயாமல் வீசும் மேலைக்காற்று. கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் வெயில் அடிக்கும் நாளில் திடீரென்று கடல் ஏறி வீட்டுக்குள் புகுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். அதுவும் அங்கிருந்து வரும் தொலைவலைதான். கோவளத்துக்கு நேர் தெற்கே இலங்கை குறுக்கே கிடக்கிறது. அதனால் தீவின் கிழக்குப் பக்கமாகச் சுற்றி வருவதுதான் நமக்கு மிச்சம். சுற்றுமுன் நல்ல பங்கை அந்தக் கிழக்குக் கரையிலிருக்கும் அறுகம்குடா எடுத்துக்கொள்கிறது.

மணலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தில் அலைகளை எண்ணினேன். ஒன்று உடைந்ததிலிருந்து அடுத்தது உடையும்வரை சராசரி 10 விநாடி. இதை அலைநேரம் என்போம். இந்த ஒரு எண் கையில் இருந்தால் அலையின் சாதகமே எழுதிவிடலாம்.

ஆழ்கடலில் 10 விநாடி அலையின் நீளம் 156 மீட்டர். வேகம் விநாடிக்கு 15.6 மீட்டர், அதாவது மணிக்கு 56 கிலோமீட்டர். நகரப் பேருந்து காலியான சாலையில் போகும் வேகம். ஆனால் ஒரு விசித்திரம்: அலைகள் கூட்டமாகப் போகும்போது கூட்டத்தின் வேகம் தனி அலையின் வேகத்தில் பாதிதான். கூட்டத்தின் பின்வரிசையில் அலை பிறக்கிறது, நடுவே ஊடுருவி முன்வரிசைக்கு வருகிறது, அங்கே மறைகிறது. ஆற்றல் நகர்வது கூட்டத்தின் வேகத்தில். மணிக்கு 28 கிலோமீட்டர், நாளுக்கு ஏறத்தாழ 670. கிளம்பிய இடம் 6,000 கிலோமீட்டர் தள்ளி என்றால் ஒன்பது நாள்.

15 விநாடி அலைகள் இன்னும் வேகமானவை. அதே தூரத்தை ஆறு நாளில் கடந்துவிடும். ஒரே புயலில் பிறந்தவை இப்படி வழியில் தரம் பிரிந்து, நீண்டவை முதலிலும் குட்டையானவை பிறகுமாக வந்துசேர்கின்றன. இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் என்று பார்த்தால் புயல் எவ்வளவு தூரத்தில் அடித்தது என்று சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி தரையிறக்கத்துக்கு அலை முன்னறிவிப்பு செய்ய உதவும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான வால்டர் மங்க், 1963இல் இந்தத் தடத்தைப் பசிபிக் முழுக்கப் பின்தொடர்ந்தார். நியூசிலாந்து, சமோவா, ஹவாய், அலாஸ்கா என்று வரிசையாக அளவுக்கருவிகள். சமோவாவில் குடும்பத்தோடு அவரே போய் உட்கார்ந்துகொண்டார். தென்கோடியில் பிறந்த அலைகள் 10,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வடக்கே அலாஸ்காவுக்கு வந்துசேர்ந்தன. வழியில் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

கோவளத்தில் என் முன்னால் உடைந்துகொண்டிருந்த அலை தென்கோடியில் கிளம்பிய வெள்ளிக்கிழமை, இந்த வகுப்புக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கால் தரையில் படும்போது

அந்த அலையையே தொடர்ந்து பார்ப்போம். ஆழ்கடலில் அதன் உயரம் 70 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 156 மீட்டர் நீளத்தில் முழங்கால் கடந்த உயரம். கப்பலில் இருப்பவருக்கு அது அலை என்றே தெரியாது. அதில் தண்ணீர் சுற்றும் வேகம் விநாடிக்கு 22 சென்டிமீட்டர். அலையின் வேகமோ விநாடிக்கு 15.6 மீட்டர். ஊர்வலம் பேருந்து வேகத்தில் போகிறது, ஊர்வலத்தில் இருப்பவர்கள் எறும்பு வேகத்தில் நின்ற இடத்திலேயே சுற்றுகிறார்கள்.

ஆழம் 78 மீட்டராகக் குறையும்போது அலையின் அடிவட்டங்கள் தரையை உணரத் தொடங்குகின்றன. அதற்குப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது மெல்ல மெல்ல ஆழத்தின் கைக்குப் போகிறது. 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 33 கிலோமீட்டர். 5 மீட்டரில் 24. 2 மீட்டரில் 16. சுங்கச்சாவடியை நெருங்கும் வண்டிகள் மாதிரி, முன்னே போனவை வேகம் குறைய, பின்னே வருபவை நெருங்கி முட்டுகின்றன. 156 மீட்டர் இடைவெளி 44 மீட்டருக்குச் சுருங்குகிறது. மாறாதது அந்த 10 விநாடி மட்டும். எத்தனை வண்டி உள்ளே வந்ததோ அத்தனை வெளியே போயாக வேண்டும்.

ஆற்றலும் எங்கேயாவது போக வேண்டுமே. நீளத்தில் இடமில்லை, உயரத்தில் ஏறுகிறது. 70 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்த அலை 1 மீட்டர் ஆகிறது. அப்போது கீழே ஆழம் 1.3 மீட்டர், என் நெஞ்சளவு. அலையின் உயரம் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால்வாசியைத் தாண்டும்போது அதனால் நிற்க முடிவதில்லை. இது உத்தேசமான விதி. தரையின் சாய்வைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஆனாலும் கடற்கரையில் நின்று ஒரு அலை உடைவதைப் பார்த்தே அங்கே எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம். நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், மரியாதை கூடும்.

உடைவது என்றால் என்ன? அலை வேகம் குறைந்துகொண்டே வந்தது. முகட்டில் இருக்கும் தண்ணீரின் வேகமோ கூடிக்கொண்டே வந்தது. 22 சென்டிமீட்டராக இருந்தது மீட்டர் கணக்குக்கு வந்துவிட்டது. தண்ணீர் அலையை எட்டிப் பிடிக்கும் அந்தக் கணத்தில், முகட்டு நீர் அலையைவிட்டு முன்னே பாய்கிறது. அதுவரை நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த தண்ணீர் முதல்முறையாகப் பயணம் கிளம்புகிறது. அந்த நுரையலையில் அகப்பட்டால் தேங்காயும் கரைக்கு வரும்.

எங்கே, எப்படி உடைகிறது என்பது தரையைப் பொறுத்தது. தரை மெல்லச் சரிந்தால் முகடு பொங்கும் பால் மாதிரி வழிந்து, நெடுந்தூரம் நுரைத்துக்கொண்டே வரும். சட்டென்று சரிந்தால் முகடு வளைந்து ஒரேயடியாகக் கவிழும். கரையை ஒட்டிச் செங்குத்தாக இறங்கும் கடற்கரைகளில் இரண்டாவது வகைதான். மெரினாவில் முழங்கால் தண்ணீரில் நிற்பவரைக்கூடக் குப்புறத் தள்ளுவது அதுதான். முதல் பாடத்துக்கு வழியும் அலை வேண்டும்.

முக்கால் விநாடிக் கணக்கு

நுரையலையில் படுத்தபடி நாலைந்து முறை வந்தேன். தம்பி பலகையின் வாலைப் பிடித்துத் தள்ளிவிடுவார், நுரை பின்னால் வந்து இடிக்கும், பலகை சீறும். எழ முயன்றபோதெல்லாம் விழுந்தேன். ஒருமுறை முன்னே அதிகம் நகர்ந்துவிட்டேன். பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தி, நான் அதைத் தாண்டிப் பறந்தேன். காதில், மூக்கில், வயிற்றில் வங்காள விரிகுடா. கணுக்காலில் கட்டியிருந்த கயிறு பலகையைச் சுண்டி இழுத்து என் முழங்கால்மேலேயே போட்டது.

நுரையலையில் வருவதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தண்ணீரே ஓடுகிறது, நம்மையும் தள்ளுகிறது. புதிர் இருப்பது இன்னும் உடையாத அலையில். அதில் தண்ணீர் பயணம் போகவில்லை. ஆனால் சர்ஃபர் போகிறார்.

விடையை ஹவாய்த் தீவுக்காரர்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங் 1779இல் வியந்து எழுதிவைத்த இந்த விளையாட்டை அவர்கள் ஹெஎ நலு என்கிறார்கள். நலு என்றால் அலை, ஹெஎ என்றால் சறுக்குவது. சர்ஃபர் அலையால் சுமக்கப்படுவதில்லை. ஒரு மேட்டிலிருந்து சறுக்குகிறார். சாதாரண மேட்டில் சறுக்கினால் சில விநாடியில் அடிவாரம் வந்துவிடும். இந்த மேடு முன்னே நகர்ந்துகொண்டே இருப்பதால் அடிவாரம் வருவதே இல்லை. மெட்ரோ நிலையத்தில் மேலே ஏறும் எஸ்கலேட்டரில் சிறுவர்கள் கீழ்நோக்கி ஓடுவார்களே, அதே வேகத்தில் ஓடினால் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அலையின் முகத்தில் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, நாம் கீழே சறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் தேங்காய் ஏன் சறுக்கவில்லை? இங்கேதான் நான் தவறவிட்ட மூன்று அலைகள் வருகின்றன.

கடைசி அரை மணிக்குத் தம்பி என்னை நுரைக்கு அப்பால் கூட்டிப்போனார். "இப்ப உடையாத அலை. பின்னாடி திரும்பிப் பாக்காதீங்க. கையால வலிச்சுக்கிட்டே இருங்க" என்றார். மூன்று முறை, அலை என் அடியில் நுழைந்து, காலைத் தூக்கி, வயிற்றைத் தூக்கி, தலையைத் தாண்டிப் போய்விட்டது. தேங்காய்க்கு நடந்தது எனக்கும் நடந்தது.

அன்று மாலை வீட்டில் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். உடையப் போகும் அந்த அலையின் வேகம் விநாடிக்கு 3.5 மீட்டர். அதன் செங்குத்தான முகம், முன்னும் பின்னும் அளந்தால், இரண்டரை மீட்டர் அகலம்; உயரம் 1 மீட்டர். நான் அசையாமல் கிடந்தால் அந்த முகம் என்னைக் கடக்க எடுக்கும் நேரம் முக்கால் விநாடிகூட இல்லை. அவ்வளவு சரிவில் வழுக்கினால், தண்ணீரின் உராய்வைக் கழித்து, ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 3 மீட்டர் வேகம் கூடும். முக்கால் விநாடியில் எனக்குக் கிடைப்பது விநாடிக்கு 2 மீட்டர் சொச்சம். தேவை 3.5. பற்றாக்குறை ஒன்றரை.

கையால் வலித்தால் நான் பிடிக்கக்கூடிய வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர். வேகமாக நடக்கும் வேகம்தான். ஒன்றரையும் இரண்டும் மூன்றரை.

அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்க்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒன்றரை மீட்டர். தேங்காயால் வலிக்க முடியாது. அது எட்டும் முன் மேடு கடந்துவிடுகிறது. நான் மூன்று முறையும் பின்னால் அலை வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்த நேரத்தில் கை நின்றது. ஆழ்கடலில் இதைச் செய்யவே முடியாது. அங்கே அலை விநாடிக்கு 15 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, சரிவோ நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. தரை தடுத்து அலை மெதுவாகி, செங்குத்தாகி, உடையும் முன் இருக்கும் அந்தச் சில மீட்டரில் மட்டுமே மனிதனால் ஏறிக்கொள்ள முடியும். ஓடும் பேருந்தில் தொற்றுபவர்களுக்குத் தெரிந்த சங்கதி: கூடவே கொஞ்சம் ஓடி, அது வளைவில் மெதுவாகும்போது பிடிக்க வேண்டும்.

மசூலாப் படகோட்டி அறிந்தது

அலைக்காகக் காத்திருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். தம்பி சின்ன அலைகளைப் போகவிட்டார். அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரம்ணா, செட்டு வரும்" என்றார். ஒன்றரை நிமிடம் கழித்து மூன்று நான்கு பெரிய அலைகள் வரிசையாக வந்தன. பிறகு மறுபடி அமைதி.

ஒரே தொலைவலைக்குள் சற்றே வேறுபட்ட அலைநேரங்கள் கலந்திருக்கின்றன. 10 விநாடிக்கு ஒன்றும் 11 விநாடிக்கு ஒன்றும் வரும் இரண்டு வரிசைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டின் முகடுகளும் சேர்ந்து பெரிய அலையாகும். பிறகு மெல்ல விலகி, ஒன்றின் முகட்டில் மற்றதன் பள்ளம் விழும், கடல் அடங்கிவிடும். மறுபடி சேர 110 விநாடி ஆகும். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. உண்மைக் கடலில் இரண்டு வரிசையோடு நிற்காது என்பதால் இவ்வளவு துல்லியம் இருக்காது. ஏழாவது அலைதான் பெரியது என்ற கதையை நம்ப வேண்டாம். ஆனால் பெரிய அலைகள் சேர்ந்து வரும் என்பது கதையல்ல.

இதைத் தெரியாமல் ஒரு காலத்தில் சென்னையில் யாரும் இறங்கவே முடியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். ஆட்களையும் சரக்கையும் அலைகளின் ஊடே கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியவை. அலை தூக்கித் தரையில் போட்டால் ஆணி அடித்த படகு விரியும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். துடுப்பு வலிப்பவர்களைவிடச் சுக்கான் பிடிப்பவரின் கண்தான் முக்கியம். உடையும் கோட்டுக்கு வெளியே நின்று, பெரிய அலைகளைப் போகவிட்டு, கடைசிப் பெரிய அலையின் முதுகோடு சேர்ந்து உள்ளே வருவார்கள். அலையின் முன்பக்கச் சரிவில் மாட்டினால் படகு சர்ஃபிங் செய்யத் தொடங்கிவிடும், குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். எனக்கு வேண்டிய சரிவும் அவர்கள் தவிர்த்த சரிவும் ஒன்றே.

அந்தத் துறைமுகச் சுவர்தான் தெற்கிலிருந்து அலைகள் தள்ளிக்கொண்டு வந்த மணலைத் தடுத்து மெரினாவை இவ்வளவு அகலமாக்கியது. வடக்கே இராயபுரம் பக்கம் கரையைக் கடல் தின்றது. அது வேறொரு அத்தியாயத்துக்கான விஷயம்.

போகும் தண்ணீர்

நுரையலைகள் கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் அங்கேயே இருந்துவிட முடியாது. அது மணல்திட்டுகளுக்கு இடையே ஆழமான வாய்க்கால் எங்கே இருக்கிறதோ அங்கே கூடி, குறுகிய ஆறாகக் கடலுக்குத் திரும்பும். இதுதான் இழுவை. கரையிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாது, அமைதியாகத் தெரியும். குடும்பத்தோடு வருபவர்கள் பாதுகாப்பான இடம் என்று தேர்ந்தெடுத்து இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். வேகமான இழுவை விநாடிக்கு இரண்டு மீட்டரைத் தொடும். எந்த நீச்சல்காரரும் அதை எதிர்த்து வெகுநேரம் நீந்த முடியாது. எதிர்த்து நீந்திக் களைப்பதால்தான் மூழ்குகிறார்கள். இழுவை கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். அகலமும் குறைவு. மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் விடுபட்டுவிடலாம்.

தம்பி என்னை வெளியே கூட்டிப்போனதே அந்த வழியாகத்தான். "இது நம்ம லிஃப்டுண்ணா" என்றார். நான் கையை எடுத்துவிட்டேன், பலகை தானாகப் போனது. அவர் பக்கத்தில் இல்லாமல் அந்த லிஃப்டில் நான் ஏறியிருக்க மாட்டேன். நீங்களும் ஏற வேண்டாம்.

நாலு விநாடி

நான்காவது அலை. திரும்பிப் பார்க்கவில்லை. வலித்தேன். தோள் எரிந்தது. பலகையின் வால் உயர்ந்தது. மூன்று முறையும் அந்த இடத்தில்தான் அலை நழுவிப் போயிருந்தது. இம்முறை, கையால் வலிப்பது சட்டென்று இலேசானது. பலகையின் அடியில் சளசளவென்று ஒரு சத்தம். பின்னாலிருந்து "அப்! அப்!" என்று கத்தினார். ஒரே தள்ளு, ஒரே குதி என்று சொல்ல ஆசைதான். ஒரு முட்டி போட்டேன், பிறகு நின்றேன்.

கீழே பார்த்தால் விழுவோம், கரையைப் பார் என்று சொல்லியிருந்தார். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும். ஆனால் கண்ணுக்கு அசையாத ஒரு பொருள் இருந்தால்தான் மூளை அதைச் சரிபார்க்க முடியும். காலடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் உலகமே ஓடுகிறது என்று மூளை குழம்பும். நான் கரையில் ஒரு நீலநிற ஃபைபர் படகைப் பார்த்துக்கொண்டேன். ஆடிக்கொண்டிருந்த பலகை வேகம் பிடித்ததும் மிதிவண்டி மாதிரி நிதானப்பட்டது. அது ஓட்டாஞ்சில்லு ஆகிவிட்டிருந்தது.

பிறகு விழுந்தேன். எழுந்து நின்றபோது தண்ணீர் இடுப்பளவு.

"எத்தன செகண்டுப்பா நின்னேன்?"

"நாலு இருக்கும்ணா."

நாலு விநாடி, விநாடிக்கு மூன்றரை மீட்டர். பதினான்கு மீட்டர். இன்னொரு அலைக்குப் போகலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. உடையும் கோட்டுக்கு வெளியே ஒரு படகு எஞ்சினை அடக்கிவிட்டு ஆடிக்கொண்டு நின்றது. பின்பக்கம் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்திருந்தவர் கரையைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா வர்றாரு" என்றார் தம்பி.

பெரிய அலை ஒன்று படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. இன்னொன்று. மூன்றாவதும் கடந்ததும் எஞ்சின் உறுமியது. அந்த மூன்றாவது அலையின் முதுகைத் தொட்டும் தொடாமலும் பின்னாலேயே வந்து, அது நுரைத்து அடங்கிய இடத்தில் நுழைந்து, படகு மணலில் ஏறி நின்றது. தம்பி என் பலகையையும் என்னையும் அப்படியே விட்டுவிட்டு, அதைத் தள்ள ஓடினார்.